கடலோர வீட்டுக்குத் தாழ்ந்த நொச்சி வேலி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராமநாதபுரம் மாவட்டத்தில் தொண்டியிலிருந்து வாலிநோக்கம் வரைக்கும், ராமேஸ்வரம் தீவையும் சேர்த்து, கடலை ஒட்டி வீடு கட்டியவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: இடுப்புக்கு மேல் போகாத, வருஷம் முழுக்கப் பச்சையாக நிற்கிற, கை பட்டால் மணக்கிற ஒரு செடி வேலி. சுவர் எழுப்பினால் காற்று நின்றுபோகிறது. பனைமட்டை அடைப்பு என்றால் அடிக்கடி பிரித்துக் கட்ட வேண்டும், அதற்கு ஆளும் இப்போது கிடைப்பதில்லை. என் பதில் நொச்சி. அதிலும் குறிப்பாக நீர்நொச்சி. கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

லாவெண்டர், ரோஸ்மேரி வைக்கக் கூடாதா? வீடியோவில் கடற்கரையிலேயே வளர்வதைக் காட்டுகிறார்களே?

காட்டுவது உண்மைதான். ஆனால் அது மத்தியதரைக் கடல். அங்கே மழை குளிர்காலத்தில் பெய்கிறது, கோடை வறண்டு கிடக்கிறது, வெயில் காய்ந்தாலும் காற்றில் ஈரம் குறைவு. நம் ஊரில் ஐப்பசி, கார்த்திகையில் மழை கொட்டும்போதும் புழுக்கம் விடுவதில்லை. சித்திரையில் ராத்திரிக்குக்கூட வெக்கை இறங்குவதில்லை. வேரில் ஈரம், இலையில் புழுக்கம் என்று இரண்டும் சேர்ந்தால் ரோஸ்மேரி அடியிலிருந்து கறுத்துப் போகும். தமிழ்நாட்டில் அதைப் பயிராகச் செய்வது நீலகிரியில்தான்; காரணம் குளிர்.

சமையலுக்கு ஒரு தொட்டி வைத்துக்கொள்ள ஆசைப்பட்டால் தடுக்க மாட்டேன். பாதிக்குப் பாதி மணல் கலந்து, சன்ஷேடுக்குக் கீழே மழை நேரடியாக விழாத இடத்தில் காலை வெயில் படும்படி வையுங்கள். நாற்பது அடி வேலி போட நினைத்தால் அந்தப் பணத்தை வேறு எதற்காவது செலவழியுங்கள். லாவெண்டர் ஒரு தொட்டி அளவுக்குக்கூட நம்மிடம் தாக்குப் பிடிக்காது.

நொச்சி மரம் மாதிரி போகுமே. அது எப்படித் தாழ்ந்த வேலியாகும்?

விட்டால் போகும். நீர்நொச்சி பத்து, பன்னிரண்டு அடி. சாதா நொச்சி அதற்கும் மேலே. தாழ்ந்து நிற்பது அதன் குணம் இல்லை, உங்கள் கத்தரிக்கோல் செய்கிற வேலை. வருஷத்தில் நாலைந்து முறை வெட்ட ஆள் இல்லாத வீட்டுக்கு இந்த வேலியை நான் சொல்வதில்லை.

எந்த நொச்சி என்று எப்படிக் கண்டுபிடிப்பது? நர்சரியில் எல்லாவற்றையும் நொச்சி என்றுதான் கொடுக்கிறார்கள்.

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நேரம் ஒதுக்க வேண்டும், ஏனென்றால் பாதி வேலிகள் இங்கேதான் கோணலாகின்றன.

சாதா நொச்சி நாம் வயல் வரப்பிலும் ஓடைக்கரையிலும் பார்க்கிறது. ஒரு காம்பில் பெரும்பாலும் ஐந்து இலைகள், சில கிளைகளில் மூன்று. இலை ஒடுங்கி நீளமாக இருக்கும், ஓரத்தில் சில சமயம் பல் வெட்டு தெரியும். நடு இலைக்குத் தனியாக ஒரு சிறு காம்பு உண்டு. நீர்நொச்சிக்கு மூன்று இலைகள். அகலம் கூட, நுனி அவ்வளவு கூர்மையில்லை, ஓரம் வழவழப்பு. நடு இலைக்குத் தனிக் காம்பு இல்லை என்றே சொல்லலாம். மூன்றும் ஒரே புள்ளியில் உட்கார்ந்திருக்கும். சங்கப் பாட்டில் நொச்சி இலையை மயிலின் காலடிக்கு ஒப்பிட்டிருக்கிறார்கள். மூன்று இலை நொச்சியை நேரில் பார்த்தால் அந்தப் பொருத்தம் புரியும்.

இரண்டுக்கும் இலையின் அடிப்பக்கம் வெளிறியிருக்கும். நீர்நொச்சியில் அது இன்னும் தெளிவு: விரலால் தடவினால் மாவு மாதிரி ஒரு மென்மை, நுண்ணிய ரோமம். இந்த ரோமம்தான் உப்புக் காற்றில் அந்த இலையைக் காப்பாற்றுகிறது. இளம் தண்டு நாலு பட்டையாக இருக்கும், துளசித் தண்டு மாதிரி. முன்பு உன்னிச்செடிக் குடும்பத்தில் வைத்திருந்த இந்தச் செடியை இப்போது தாவரவியலார் துளசிக் குடும்பத்தில் வைத்திருக்கிறார்கள்.

இலையைக் கசக்கினால் கற்பூரமும் மிளகும் கலந்த மாதிரி ஒரு மணம் வரும். யூகலிப்டஸ் தைலத்தில் இருக்கிற சினியோல் இதன் எண்ணெயிலும் இருக்கிறது, அதனால்தான் மூக்கில் ஏறுகிறது.

கருநொச்சி என்று யாராவது கொடுத்தால் இலையைப் பார்த்து வாங்குங்கள். ஒற்றை இலையாக, ஒடுங்கி, தண்டு கருஞ்சிவப்பாக இருக்கிற வேறொரு செடியையும் அதே பெயரில் விற்கிறார்கள். அதுவும் தாழ்ந்த வேலிச் செடிதான், ஆனால் நிழலும் ஈரமும் கேட்கும். கடல் பக்கம் வேண்டாம். இலை ஓரம் வெள்ளையாக இருக்கிற பட்டை நீர்நொச்சியும், அடிப்பக்கம் ஊதா நிறமாக இருக்கிற ரகமும் அழகுச் செடியாக விற்பனைக்கு வருகின்றன. பட்டை ரகத்தில் அங்கங்கே முழுப்பச்சைக் கிளை கிளம்பும். அதை அப்போதே கிள்ளாவிட்டால் வேலி முழுக்கப் பச்சையாகிவிடும்.

எங்க வீடு வடகடல் பக்கம். தென்கடல் பக்கம் இருக்கிறவங்களுக்குச் சொன்னதே எங்களுக்கும் பொருந்துமா?

முழுசாகப் பொருந்தாது. வடகடல் என்பது பாக் விரிகுடா, தென்கடல் மன்னார் வளைகுடா. மண்டபம், பாம்பன் பக்கம் இருப்பவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை: வைகாசியிலிருந்து கச்சான் (தென்மேற்குக் காற்று) அடிக்கும்போது தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் குளம் மாதிரி கிடக்கும். மழைக்காலத்தில் வாடை (வடகிழக்குக் காற்று) பிடித்தால் தலைகீழ். செடிக்கு இதில் என்ன என்றால், உப்புச் சாரல் எந்த மாதத்தில் வருகிறது என்பதுதான்.

தென்கடல் பக்கம், அதாவது புதுமடம், பெரியபட்டினம், கீழக்கரை, ஏர்வாடி வரிசையில், உப்புச் சாரல் மழையில்லாத மாதங்களில் வருகிறது. இலையில் படிந்த உப்பைக் கழுவ மழை கிடையாது. அங்கே நீர்நொச்சி மட்டும்தான். முதல் வருஷம் காற்று வரும் பக்கம் கிடுகோ பழைய வலையோ கட்டித் தடுப்புப் போட வேண்டும். வலை நல்லது. கிடுகு காற்றை முட்டித் தூக்கிச் செடியின் தலையில் போடும்; இரண்டு மடிப்பாகக் கட்டிய வலை காற்றைச் சல்லடை போட்டு விடும்.

வடகடல் பக்கம், தேவிபட்டினம், திருப்பாலைக்குடி, தொண்டி, சாரல் வரும் காலத்திலேயே மழையும் வருவதால் இலை தானாகவே கழுவிக்கொள்கிறது. கரையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருந்தால் சாதா நொச்சியே போதும்.

வெறும் மணல். என்ன செய்தால் வளரும்?

மணல் நொச்சிக்குக் குறையில்லை. தண்ணீர் நிற்காதது மட்டும்தான் பிரச்சினை, அதுவும் முதல் வருஷத்தில்தான்.

வேலி போகிற நீளத்துக்கு ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி ஆழம் என்று வாய்க்கால் மாதிரி வெட்டுங்கள். அடியில் தேங்காய் உரிமட்டையை நார்ப் பக்கம் மேலே பார்க்கும்படி ஒரு வரிசை அடுக்குங்கள். அதன் மேல் தோண்டிய மணலோடு கண்மாய் வண்டல் கலந்து நிரப்புங்கள். மூன்று கூடை மணலுக்கு ஒரு கூடை வண்டல். மக்கிய ஆட்டுப் புழுக்கை பத்து அடிக்கு ஒரு கூடை. நம் மாவட்டத்தில் கிடை போடுகிறவர்கள் இருக்கிறவரை எருவுக்குக் கடைக்குப் போக வேண்டாம். வண்டல் எடுப்பதற்கு முன் தாலுகா அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள், கண்மாயில் மண் எடுக்க அனுமதி வேண்டும்.

கரையில் ஒதுங்கும் கடல்பாசியை மூடாக்காகப் போடலாமா என்று மண்டபம் பக்கம் நிறையப் பேர் கேட்கிறார்கள். போடலாம். ஆனால் ஒரு மழைக்காலம் முழுக்க வெளியில் குவித்து வைத்து உப்பு இறங்கிய பிறகு. அள்ளிய கையோடு போட்டால் நீங்களே உப்பு வைத்த மாதிரி.

எரு மிஞ்ச வேண்டாம். தண்ணீரும் எருவும் கூடினால் இலை பெருக்கும், வாசம் மட்டுப்படும்.

போர்த் தண்ணீர் உப்பாக இருக்கிறது. குழாயில் குடிக்க வரும் காவிரித் தண்ணீரைச் செடிக்கு ஊற்ற மனசு வரவில்லை.

ஊற்றவும் வேண்டாம். கடலோர மணலில் மழைத் தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதந்து நிற்கிறது. நல்ல தண்ணீர் எடை குறைவு. அதனால்தான் நம் பெண்கள் கரையோரம் கையால் தோண்டிய ஊற்றில் குடிக்கிற தண்ணீர் கிடைக்கிறது, பக்கத்திலேயே ஆழமாகப் போட்ட போரில் வாயில் வைக்க முடியாத தண்ணீர் வருகிறது. தோட்டத்துக்கு ஆழம் குறைந்த உறைக்கிணறு இருந்தால் அதையே பயன்படுத்துங்கள், கொஞ்சம் கொஞ்சமாக இறையுங்கள். மோட்டார் போட்டு ஒரே மூச்சில் உறிஞ்சினால் அடியிலிருக்கும் உப்பு மேலே வந்துவிடும்.

லேசான சவர்த் தண்ணீரை வேர் பிடித்த நீர்நொச்சி தாங்கும். போத்து (நடுவதற்கு வெட்டிய குச்சி) வைத்த முதல் மூன்று மாதம் தாங்காது. அந்த மூன்று மாதத்தை மழைக்காலத்தில் விழும்படி பார்த்துக்கொண்டால் வேலை முடிந்தது. மாவட்டத்துக்கு வருஷ மழை சுமார் 800 மில்லிமீட்டர். அதில் பாதிக்கு மேல் ஐப்பசி முதல் மார்கழிக்குள் வந்துவிடுகிறது.

இன்னொன்று. வீட்டுக் கூரையில் விழும் மழையைக் குழாய் வைத்து வேலி வாய்க்காலுக்குத் திருப்புங்கள். கோடை முழுக்கச் சவர்த் தண்ணீர் ஊற்றியதில் வேரடியில் சேர்ந்த உப்பு அதில் கீழே இறங்கிவிடும்.

கோடையில் தினம் கொஞ்சம் தெளிப்பதைவிட வாரம் ஒருமுறை நன்றாகக் கட்டுவது மேல். சவர்த் தண்ணீரை வெயில் நேரத்தில் இலையில் படும்படி ஊற்றாதீர்கள்.

கன்று வாங்கணுமா, போத்து வைக்கலாமா?

போத்துதான். தங்கச்சிமடத்து மண்ணில் மல்லிகைக் குச்சியை வேர் பிடிக்க வைத்து, மதுரை மல்லிக்கே நாற்று அனுப்புகிற ஊர்க்காரர்கள் நாம். நொச்சி அதைவிடச் சுலபம்.

பென்சில் கனத்தில், முற்றியும் முற்றாததுமான கிளையாகப் பாருங்கள். பச்சையாக வளைகிறதும் வேண்டாம், மரமாகிப் பட்டை வெடித்ததும் வேண்டாம். ஒரு சாண் நீளம், மூன்று நாலு கணு. அடிப்பக்கம் கணுவுக்குக் கீழே சாய்வாக, மேல்பக்கம் நேராக வெட்டினால் எது தலை, எது கால் என்று குழப்பம் வராது. கீழ் இலைகளை உருவிவிட்டு, மேலே இரண்டு இலையைப் பாதியாக நறுக்கி விடுங்கள். இரண்டு கணு மண்ணுக்குள் போக வேண்டும். குச்சியைச் சுற்றி மண்ணை விரலால் அழுத்துங்கள். நிறையப் பேர் இதைச் செய்வதில்லை. உள்ளே காற்று நின்றால் குச்சி மேலே பச்சையாக இருந்துகொண்டே அடியில் காய்ந்துவிடும்.

ஐப்பசி முதல் மழையில் நேராக வேலி வரிசையிலேயே ஊன்றலாம். கூடவே பத்துக்கு இரண்டு வீதம் பாக்கெட்டில் போட்டு வையுங்கள், வரிசையில் பட்டுப்போன இடத்தை நிரப்ப. துளிர் வந்ததும் வேர் வந்துவிட்டது என்று நினைத்துப் பிடுங்கிப் பார்க்காதீர்கள். குச்சியில் இருக்கிற சத்திலேயே முதல் துளிர் வரும், வேர் பிறகுதான்.

எத்தனை அடிக்கு ஒன்று?

ஒற்றை வரிசை என்றால் ஒன்றரை அடி. நாற்பது அடிக்கு 28 போத்து. ஆடு, நாய் புகாத அடைசல் வேண்டுமென்றால் இரட்டை வரிசை. வரிசைக்கு வரிசை ஓரடி, செடிக்குச் செடி இரண்டடி, எதிரெதிராக வராமல் மாற்றி மாற்றி. சுவரோரமாக இருந்தால் இரண்டடி விட்டு நடுங்கள். வெட்ட ஆள் நிற்க இடம் வேண்டுமே.

எப்போது வெட்டுவது? எவ்வளவு வெட்டுவது?

தாழ்ந்த வேலிக்கு உயிர்நாடி இதுதான். பெரும்பாலானவர்கள் செய்வது: "முதலில் நன்றாக வளரட்டும், வேண்டிய உயரம் வந்ததும் வெட்டிக்கொள்ளலாம்." மூன்றடி வந்ததும் உச்சியை வெட்டுகிறார்கள். மேலே குடை மாதிரி விரிகிறது, கீழே வெறும் கால் தெரிகிறது. அந்தக் காலுக்கு இடையில் கோழி, ஆட்டுக்குட்டி எல்லாம் தாராளமாகப் போய்வரும். பிறகு அடியில் கிளை வரவைப்பது மிகவும் கஷ்டம்.

துளிர் ஒரு சாண் வந்ததும் பாதியைக் கிள்ளிவிடுங்கள். மனசு கேட்காது, ஆனாலும் கிள்ளுங்கள். வெட்டிய கணுவுக்குக் கீழே எதிரெதிராக இரண்டு கிளை வரும். அவை ஒரு சாண் வந்ததும் மறுபடி பாதி. இப்படி மூன்று சுற்று போனால் தரையோடு ஒட்டிப் புதர் கட்டிவிடும், உயரம் ஒன்றரை அடிகூட இருக்காது. அதற்குப் பிறகுதான் உயரம் ஏற விட வேண்டும், அதுவும் ஒரு தடவைக்கு நாலு விரற்கடை. மறு ஐப்பசிக்கு இரண்டடி, அதற்கடுத்த வருஷம் மூன்றடி. அதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

வடிவம்: அடி அகலம், தலை குறுகல். சுவர் மாதிரி நேராக வெட்டினால்கூடக் காலப்போக்கில் தலை பெருத்து அடியை நிழலாக்கும். அடிக்கு வெயில் படாவிட்டால் இலை உதிரும். இரண்டு பக்கமும் குச்சி நட்டு, கயிறு கட்டி, கயிற்றோடு வெட்டுங்கள். கண் மட்டம் நம்பத்தக்கதில்லை.

வருஷக் கணக்கு இப்படி. மழை ஓய்ந்து தை பிறந்ததும் ஒரு நல்ல வெட்டு, மழையில் கிளம்பிய அத்தனையையும் சேர்த்து. கோடைக்குள் இலைப் பரப்பு குறைந்திருந்தால் தண்ணீர்ச் செலவும் குறையும். பங்குனியில் நுனி மட்டும். அக்னி நட்சத்திரத்தில் கத்தரிக்கோலைத் தொடாதீர்கள். உள்ளே நிழலில் இருந்த இலை திடீரென்று வெயிலைப் பார்த்தால் கருகும். ஆடியில் கச்சான் உலுக்கிப் போட்டதைச் சரிசெய்ய லேசாக. புரட்டாசியில் இன்னொரு நல்ல வெட்டு, அப்போது கிடைக்கும் கிளைதான் ஐப்பசிப் போத்துக்கு.

பூ வேண்டுமென்றால் வேலியின் ஒரு மூலையை வெட்டாமல் விடுங்கள். புதுக் கிளையின் நுனியில்தான் ஊதாப்பூ கொத்தாக வரும், ஓயாமல் வெட்டினால் வராது. ஒரு மூலை விட்டாலே தேனீ தேடி வந்துவிடும்.

ஆடு மேயாதா?

மேயாது என்பார்கள். பச்சை கிடைக்கிற காலத்தில் மேயாது. சித்திரையில் ஒன்றும் கிடைக்காதபோது இளம் துளிரைக் கடித்துப் பார்க்கும், பார்த்துவிட்டுத் துப்பும். ஆனால் கடித்தது கடித்ததுதானே. முதல் வருஷம் மட்டும் முள் போட்டு அடையுங்கள்.

நொச்சி இருந்தால் கொசு வராதாமே?

செடி சும்மா நின்றால் கொசு அதைக் கண்டுகொள்வதில்லை. எண்ணெய் இலைக்குள் இருக்கிறது. கசக்கினால், காயவைத்துப் புகைபோட்டால்தான் வெளியே வரும். சென்னை மாநகராட்சி கொசுவை ஒழிக்க வீடுகளுக்கு நொச்சிக் கன்று கொடுத்ததைப் பலரும் சொல்லிக் காட்டுகிறார்கள். கொடுத்தார்கள், செடியும் நல்ல செடிதான், ஆனால் வாசலில் நொச்சியை வைத்துவிட்டுப் பின்னால் தண்ணீர்த் தொட்டியைத் திறந்து போட்டால் பலன் இல்லை. சாயங்காலம் காய்ந்த தழையை ஒரு கைப்பிடி சட்டியில் நெருப்போடு போட்டு வாசலில் வைத்தால் அந்த நேரத்துக்குக் குறையும். ஆஸ்துமாக்காரர்கள் இருக்கிற வீட்டில் புகையே வேண்டாம்.

பாம்பு?

வாசத்துக்குப் பாம்பு வராது என்பதை நம்பிக் கையை உள்ளே விடாதீர்கள். அடர்ந்த எந்த வேலிக்குள்ளும் எலி, ஓணான் இருக்கும். அதைத் தேடிப் பாம்பும் வரும். அடியில் ஒரு முழ அகலத்துக்குச் சருகைக் கூட்டிச் சுத்தமாக வையுங்கள். வெட்டுவதற்கு முன் ஒரு கம்பால் தட்டிக்கொள்ளுங்கள்.

இலை ஓரம் பழுப்பாகக் கருகுகிறது. நோயா?

அநேகமாக உப்பு. ஆனால் எந்த வழியாக வந்த உப்பு என்று பாருங்கள், மருந்து மாறும். காற்று அடிக்கிற பக்கத்து இலைகள் மட்டும் கருகி, வீட்டுப் பக்கத்து இலைகள் நன்றாக இருந்தால் சாரல். காற்று ஓய்ந்த அன்று சாயங்காலம் நல்ல தண்ணீரால் இலையைக் கழுவினால் போதும். எல்லாப் பக்கமும் முதிர்ந்த இலைகளின் நுனி ஒரே மாதிரி கருகி, மண்ணின் மேல் வெள்ளையாகப் பொரிந்திருந்தால் உப்பு வேரில் இருக்கிறது. மேல் மண்ணை இரண்டு விரற்கடை சுரண்டி அப்புறப்படுத்திவிட்டு, நல்ல தண்ணீர் கிடைக்கிற நாளில் வாய்க்கால் நிரம்ப ஒரே தடவையில் கட்டுங்கள். உரம் வைத்தால் சரியாகும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், உரமும் ஒரு வகை உப்புதான்.

பூச்சி, நோய் ஏதாவது?

பெரிதாக இல்லை. கணு இடுக்கில் வெள்ளையாக மாவுப்பூச்சி வரும். தண்ணீரைப் பீய்ச்சி அடித்து, வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலில் கலந்து தெளியுங்கள். எறும்பு சாரி போனால் மாவுப்பூச்சி எங்கோ இருக்கிறது என்று அர்த்தம். இலையில் சின்னச் சின்னக் கொப்புளம் வந்தால் அது சிலந்திப்பேன் வேலை. அந்தக் கிளையை வெட்டி எரித்துவிடுங்கள். புதுப் போத்தைக் கரையான் பிடிக்கும், மக்காத எரு போட்ட இடத்தில் கட்டாயம் பிடிக்கும்.

வேலியோரம் ஏற்கெனவே சீமைக் கருவேலம் நிற்கிறது. அதற்கு இடையிலேயே நடலாமா?

கூடாது. நிழலும் வேரும் சேர்ந்து ஒன்றையும் வளரவிடாது. தரைமட்டத்தில் வெட்டினால் மறுபடி நாலாகக் கிளம்பும். தூரைச் சுற்றி ஓரடி ஆழத்துக்குத் தோண்டி, மொக்கு விடுகிற கிழங்குப் பகுதியோடு எடுக்க வேண்டும். ஒரு மழைக்காலம் காத்திருந்து, விதையில் முளைத்ததையும் பிடுங்கிப் போட்டபிறகு நொச்சி வையுங்கள். வெட்டிய முள் வீணில்லை, மேலே சொன்ன முதல் வருஷ அடைப்புக்கு ஆகும்.

நொச்சி வேண்டாம், வேறு வாசச் செடி சொல்லுங்கள்.

மருதாணி. உப்பையும் வறட்சியையும் தாங்கும், பூத்தால் தெருவே மணக்கும்; ஆனால் வறண்டால் இலையைக் கொட்டிவிடும், முதிர்ந்த கிளையில் முள். எப்போதும் பச்சை என்று சொல்ல முடியாது. சங்கங்குப்பி கடற்கரைக்கு நொச்சியைவிடக் கெட்டி, வெட்ட வெட்ட அடரும், பூ வெள்ளை. இலையைக் கசக்கினால் வருகிற வாடையை மணம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வாசம் முக்கியமில்லை, கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் வீடு என்றால் அதையே வையுங்கள்.

உன்னிச்செடி வைக்காதீர்கள். பூ அழகுதான். பறவை விதையைக் கொண்டுபோய் ஊரெல்லாம் போடும், மாடு ஆடு தின்றால் ஈரல் கெடும். மரிக்கொழுந்து, துளசி, திருநீற்றுப்பச்சிலை எல்லாம் ஒன்றிரண்டு வருஷச் செடிகள். வாசலோரம் வைக்கலாம், வேலியாகாது.

வீட்டுக்கு முன்னால் மணல்மேடு இருக்கிறது. அதிலும் நீர்நொச்சி வைத்து மணலைக் கட்டிப்போடலாமா?

வேண்டாம். அந்த மேட்டில் ராவணன் மீசைப் புல்லும் அடப்பங்கொடியும் ஏற்கெனவே அந்த வேலையைச் செய்துகொண்டிருக்கின்றன. நீர்நொச்சிக்கு நெருங்கிய உறவு ஒன்று உண்டு, ஒற்றை இலையோடு மணலில் படர்கிற ரகம். கிழக்காசியாவிலிருந்து அதை 1980களில் அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார்கள். 1989இல் ஹியூகோ புயல் கரோலினா கரையைக் கரைத்துவிட்டுப் போன பிறகு, மணல்மேட்டைக் காப்பாற்ற அதை ஏராளமாக நட்டார்கள். உள்ளூர்ப் புல்லை அது அழித்தது, இலையில் இருக்கிற மெழுகு மணலில் சேர்ந்து தண்ணீரே இறங்காமல் செய்தது, கடலாமை முட்டையிடவும் இடைஞ்சலானது. இப்போது வேரோடு பிடுங்கிக்கொண்டிருக்கிறார்கள். நம் கரையிலும் பங்குனி ஆமை முட்டையிட ஏறுகிறது. நொச்சி உங்கள் வேலிக்கு உள்ளேயே இருக்கட்டும். மணலில் தொட்டுக்கொண்டிருக்கும் கிளை தானாகவே வேர்விடும், வெளியே ஓடுவதை அவ்வப்போது வெட்டிவிடுங்கள்.

வெட்டிய தழையை என்ன செய்வது?

தூக்கிப் போடாதீர்கள். நிழலில் காயவைத்துத் துணிப்பையில் கட்டி, உளுந்து, பாசிப்பயறு டப்பாவில் போட்டால் வண்டு குறையும். நெல் குதிரில் அடுக்கடுக்காகத் தழை போடுவது பழைய வழக்கம். முண்டு மிளகாய் போட்டிருப்பவர்கள் வேம்பு, எருக்கு, ஆடாதொடையோடு நொச்சித் தழையும் இடித்துக் கோமியத்தில் ஊறவைத்து, வடிகட்டித் தண்ணீர் சேர்த்துச் செடிக்குத் தெளிக்கலாம்.

சளிக்கு வேது பிடிப்பது எல்லோருக்கும் தெரிந்ததே. சின்னக் குழந்தையைப் போர்வைக்குள் கொதிக்கிற சட்டியோடு உட்கார வைக்காதீர்கள். சுட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் வருஷா வருஷம் உண்டு. தலைபாரத்துக்குக் காய்ந்த தழையைத் தலையணையில் திணிப்பது ஆபத்தில்லாதது. கஷாயமாக உள்ளுக்குச் சாப்பிடுவது சித்த மருத்துவரைக் கேட்காமல் வேண்டாம், மாசமாக இருக்கிறவர்களுக்குக் கண்டிப்பாக வேண்டாம்.

அப்பா காலத்து நொச்சி மரமாகிவிட்டது. அதை மறுபடி தாழ்ந்த வேலியாக்க முடியுமா?

முடியும், இரண்டு வருஷம் ஆகும். முழு வரிசையையும் ஒரே நாளில் வெட்டாதீர்கள். முதல் புரட்டாசியில் ஒன்று விட்டு ஒன்றாகத் தரையிலிருந்து ஓரடியில் அறுத்துவிடுங்கள். கோடாலி வேண்டாம், ரம்பம். வெட்டுவாயில் தண்ணீர் நிற்காமல் சாய்வாக அறுத்து, சாணிக் கரைசல் பூசுங்கள். மழையோடு அடிமரத்தைச் சுற்றிக் கொத்தாகத் துளிர் வரும். எல்லாவற்றையும் விடாமல் நாலா பக்கமும் பார்த்த ஆறு ஏழை வைத்துக்கொண்டு மிச்சத்தைக் கிள்ளுங்கள். பிறகு போத்துக்குச் சொன்ன அதே மூன்று சுற்று. அடுத்த புரட்டாசியில் மீதி மரங்கள். நடுவில் துளிர்க்காமல் செத்துப்போன அடிமரம் இருந்தால், பக்கத்துச் செடியின் நீண்ட கிளை ஒன்றை வளைத்து அந்த இடத்தில் மண்ணுக்குள் பதியம் போட்டு, மேலே ஒரு கல்லை வையுங்கள்.